பாரிமுனையின் ‘பாரி’ யார் வீட்டுப் பிள்ளை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழின் கேள்வி-பதில் பகுதியில் பாரிமுனைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். “தாமஸ் பாரி என்ற ஆங்கிலேய வணிகரின் பெயர்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அடுத்த வாரமே வாசகர் கடிதத்தில் இன்னொருவர், அதெல்லாம் கிடையாது, முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் பாரியின் நினைவாகத்தான் அந்தப் பெயர் என்று அடித்துச் சொல்லியிருந்தார். அதையும் ஒரு மறுப்பு இல்லாமல் போட்டுவிட்டீர்கள். முதலாவது பாதி தப்பு, இரண்டாவது முழுத் தப்பு. இதுக்கெல்லாமா கடிதம் என்று வீட்டில் கேட்டார்கள், இருந்தாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற கதை ஒரு வரியில் விட்டுவிடக் கூடியது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வள்ளல் பாரியை முதலில் வழியனுப்பிவிடலாம். அவர் ஆண்ட பறம்புமலை இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. கபிலர் பாடிய பாரிக்கும் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற ஒரு தெருமுனைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாரிஸ் கார்னர் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்ததைத் தமிழாக்கி எழுதும்போது பாரிமுனை என்று வந்தது, கேட்கவும் நன்றாக இருக்கிறது, வள்ளல் ஞாபகம் வருவதும் இயல்புதான். ஆனால் ஒலி ஒத்துப்போனால் மட்டும் வரலாறு ஒத்துப்போய்விடாது. இந்தக் கணக்கில் பார்த்தால், “பாரிஸ், பாரிஸ்” என்று கண்டக்டர் குரல் கொடுப்பதைக் கேட்டு பிரான்ஸ் தலைநகர் என்று நினைக்கும் சின்னப் பையனையும் நாம் திருத்த முடியாது.

சரி, இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். தாமஸ் பாரி ஆங்கிலேயர் இல்லை. வேல்ஸ் நாட்டுக்காரர். 1768இல் பிறந்தவர், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய வெல்ஷ்பூல் ஊருக்குப் பக்கத்தில் லெய்ட்டன் என்ற இடத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். 1788இல், இருபது வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பள ஆளாக இல்லாமல் தனி வணிகராகச் சென்னைக்கு வந்தார். வந்த வருஷமே தொழிலைத் தொடங்கிவிட்டார், அதனால்தான் பாரி கம்பெனி தன் பிறப்பை 1788 என்று போட்டுக்கொள்கிறது. வட்டிக்குப் பணம் கொடுத்தார், தோல் பதனிட்டார், கப்பலில் சரக்கு அனுப்பினார், பல முறை விழுந்து எழுந்தார். 1824இல் பரங்கிப்பேட்டையில் காலரா வந்து இறந்தார், கடலூர் கிறைஸ்ட் சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். வெள்ளைக்காரர் எல்லாரையும் ஆங்கிலேயர் என்று எழுதுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது, புரிகிறது. ஆனால் இவர் விஷயத்தில் அந்தப் பழக்கம் பெயரின் வேரையே வெட்டிவிடுகிறது, ஏனென்றால் ‘பாரி’ என்ற பெயர் ஆங்கிலத்தில் பிறந்ததே இல்லை.

வேல்ஸில் பழங்காலத்தில் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. ஒருவருக்குச் சொந்தப் பெயர், அதற்கடுத்து ‘அப்’, அதற்கடுத்து அப்பா பெயர், அவ்வளவுதான். ‘அப்’ என்றதும் நமக்கு அப்பா ஞாபகம் வரும், அங்கே அது பிள்ளை. மகன் என்று பொருள்படும் ‘மாப்’ என்ற சொல்லின் தேய்ந்த வடிவம், ஸ்காட்லாந்துக்காரர்களின் பெயரில் வரும் ‘மாக்’ இதற்குப் பங்காளி. ஹாரியின் மகன் தாமஸ் என்றால் தாமஸ் அப் ஹாரி. அந்தத் தாமஸுக்கு ஒரு மகன் பிறந்து அவனுக்கு டேவிட் என்று பேர் வைத்தால் அவன் டேவிட் அப் தாமஸ், ஹாரி அங்கே காணாமல் போய்விடுவார். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பெண்களுக்கு ‘மகள்’ என்று பொருள்படும் வேறு சொல் உண்டு, கல்யாணம் ஆனாலும் அவர்கள் புருஷன் பெயருக்கு மாறுவது வழக்கமில்லை.

இப்போது ‘அப் ஹாரி’ என்பதை நாலு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். முன்னால் இருக்கிற ‘அ’ விழுங்கப்பட்டுவிடும், நடுவில் இருக்கிற ‘ஹ’ ஓசை கரைந்துவிடும், மிஞ்சுவது ‘பாரி’. பெயரின் கதை அடிப்படையில் இவ்வளவுதான், பாரி என்றால் ஹாரி மகன். இதே மாதிரி அப் ஹவல் பவெல் ஆனார், அப் ரீஸ் பிரைஸ் ஆனார், அப் ஹியூ பியூ ஆனார், அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட் ஆனார். அப்பா பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் ‘அப்’பின் அழுத்தம் போய், பம்பரம் என்பதில் நடுவே வரும் மெல்லிய ‘ப’வாக ஒலிக்கும், அப்படித்தான் ஓவைன் மகன் போவன் ஆனார், எவன் மகன் பெவன் ஆனார். பவெல், பிரைஸ், பெவன் என்று கிரிக்கெட் மைதானத்திலும் செய்தித்தாளிலும் நாம் பார்க்கிற பெயர்களில் இந்த ‘அப்’ ஒளிந்துகொண்டிருக்கிறது.

அந்த ஹாரி கூட ஊர்க்காரப் பெயர் இல்லை என்பது இதில் வேடிக்கை. ஹென்றி என்பது பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்காரர்கள் கொண்டுவந்த பெயர், பேச்சில் ஹாரி ஆனது, வெல்ஷ்காரர்களும் அதையே எடுத்துத் தங்கள் மொழிக்குத் தக்கபடி எழுதிக்கொண்டார்கள். சிலர் ஹாரி என்று சொல்லாமல் ஹென்றி என்றே சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் ‘அப் ஹென்றி’யிலிருந்து பென்ரி ஆனார்கள். இன்னும் சிலர் ‘அப்’பை விட்டுவிட்டு ஆங்கில முறையில் கடைசியில் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொண்டு ஹாரிஸ் ஆனார்கள். ஆக, பாரி, பென்ரி, ஹாரிஸ் மூன்றும் ஒரே பெயரின் மூன்று வேஷம்.

முன்னோர் பட்டியலை அந்த மக்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸைப் பற்றி எழுதிய ஜெரால்ட் என்ற பாதிரியார், அங்கே சாதாரணக் குடியானவன்கூடத் தன் தாத்தா, பூட்டன் தாண்டி ஆறு ஏழு தலைமுறை வரைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறான் என்று குறிப்பிடுகிறார். பெருமைக்காக மட்டும் இல்லை, தேவையும் இருந்தது. பழைய வெல்ஷ் சட்டப்படி அப்பாவின் நிலம் மகன்கள் எல்லாருக்கும் பங்காகப் பிரியும், ஒரு கொலை நடந்தால் அதற்கான நஷ்டஈட்டைக் கொன்றவனின் தூரத்துச் சொந்தக்காரர்கள் வரை பங்கு போட்டுக் கட்டவேண்டும். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாவிட்டால் நிலமும் போகும், பணமும் போகும். அதனால் பெரிய மனிதர்கள் தங்கள் பெயரையே ரயில் பெட்டி மாதிரி நீளமாக, அப் அப் அப் என்று கோத்து வைத்திருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி காலத்தில். 1536லும் 1543லும் போட்ட சட்டங்களால் வேல்ஸ் முழுக்க இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது, நீதிமன்றத்தில் ஆங்கிலம், நிலம் மூத்த மகனுக்கு, பதிவேடு ஆங்கிலேயக் குமாஸ்தா கையில். 1538இலிருந்து கோயில்பற்றுகளில் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் ஏட்டில் எழுதவேண்டும் என்றும் உத்தரவு வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயரை வைத்துக்கொண்டு எந்தக் குமாஸ்தா கணக்கு எழுதுவான்? மோஸ்டின் குடும்பத்தைப் பற்றி இன்றைக்கும் ஒரு கதை சொல்வார்கள். நீதிமன்றத்தில் தாமஸ் என்பவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவல் அப் என்று நீண்டுகொண்டே போனதாம், வேல்ஸுக்குப் பொறுப்பாக இருந்த பிஷப் ரோலண்ட் லீ பொறுமை இழந்து, இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் பெயரையோ உங்கள் வீட்டுப் பெயரையோ வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். தாமஸ் இருந்த ஊர் மோஸ்டின், அதுவே குடும்பத்துக்குப் பெயராகிவிட்டது. கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்திருக்கிறதோ, அதை விடுங்கள், நடந்தது இந்த மாதிரிதான்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. எட்டாம் ஹென்றி யார்? ஏழாம் ஹென்றியின் மகன். டியூடர் வம்சம் வேல்ஸிலிருந்து வந்தது, அந்த ‘டியூடர்’ கூட ஓவைன் அப் மரெடித் அப் டியூடர் என்பவர் இங்கிலாந்துக்குப் போய் அப்பா பெயருக்குப் பதிலாகத் தாத்தா பெயரில் அறியப்பட்டதால் நிலைத்தது. அப்பா பெயர் நிலைத்திருந்தால் நாம் பள்ளிக்கூடத்தில் மரெடித் வம்சம் என்று படித்திருப்போம். அவருடைய பூர்வீக முறைப்படி பார்த்தால் எட்டாம் ஹென்றியின் பெயர் ஹாரி அப் ஹாரி. அதாவது ஹென்றி பாரி! ‘அப்’ முறைக்குக் குழி வெட்டிய சட்டங்களில் கையெழுத்துப் போட்டவரே ஒரு பாரிதான்.

அவர் மகள் எலிசபெத்தின் அரண்மனையில் இரண்டு பாரிகள் இருந்தார்கள், பெயர் எப்படி உறைந்தது என்பதை இவர்களைப் போல் யாரும் காட்ட முடியாது. ஒருவர் பிளான்ச் பாரி. ஹெரிஃபர்ட்ஷயரில் பாக்டன் என்ற எல்லையோரக் கிராமத்துக்காரர். அவர் முன்னோர் ஒருவருக்குக் கறுப்பு ஹாரி என்று பட்டப்பெயர், அவர் மகன் மைல்ஸ் அப் ஹாரி, அவர் மகன் ஹென்றி மைல்ஸ், அவர் மகள் பிளான்ச். பழைய முறைப்படி மைல்ஸோடு ‘அப் ஹாரி’ தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் பேத்தி காலத்தில் அது பாரி என்று குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த அம்மாள் எலிசபெத்தின் தொட்டிலை ஆட்டுவதைப் பார்த்த காலத்திலிருந்து 1590இல் தான் சாகும்வரை கூடவே இருந்தார், ராணியின் நகைகள் அவர் பொறுப்பில் இருந்தன, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாக்டன் தேவாலயத்தில் பல காலம் இருந்த ஒரு பூவேலைத் துணி எலிசபெத்தின் உடையிலிருந்து வெட்டியதாக இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னதும், 2019இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தத் துணி அந்தக் குக்கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்குப் பிளான்ச்தான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு.

இன்னொருவர் எலிசபெத்தின் கணக்குப்பிள்ளையாக இருந்து பிறகு அரண்மனை நிர்வாகியான சர் தாமஸ் பாரி, 1560இல் இறந்தார். கணக்கு அவ்வளவு சுத்தமாக எழுதமாட்டார் என்று அப்போதே பெயர் வாங்கியவர். இவர் அப்பா பெயர் ஹென்றி வாகன். அப்பா வாகன், பிள்ளை பாரி! இன்றைய பாஸ்போர்ட் அலுவலகத்தில் இப்படிப் போய் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வெல்ஷ்காரருக்கு அதில் குழப்பமே இல்லை, ஹென்றி என்ற ஹாரியின் மகன், அதனால் அப் ஹாரி, அதனால் பாரி. பிளான்ச் பெயரில் இருக்கிற ஹாரி வேறு, இவர் பெயரில் இருக்கிற ஹாரி வேறு.

நான் சொல்லவந்ததில் முக்கியமானது இதுதான். பாரி என்ற பெயருக்கு ஒரு மூலபுருஷர் கிடையாது. வேல்ஸில் எந்த ஊரில் எந்த ஹாரிக்குப் பிள்ளை பிறந்ததோ, எந்தத் தலைமுறையில் குமாஸ்தா பேனாவை அழுத்தினாரோ, அங்கே ஒரு பாரி குடும்பம். கடலூரில் புதைக்கப்பட்ட தாமஸ் பாரியும் எலிசபெத்தின் தாமஸ் பாரியும் ஒரே பெயர், அதனால் ஒரே வம்சம் என்று இணையத்தில் யாராவது மரம் வரைந்து காட்டினால் நம்பாதீர்கள். பெயர்க் குறியீடு, கேடயப் படம் எல்லாம் போட்டு ‘பாரி குலச் சின்னம்’ என்று கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அச்சடித்து விற்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. யாரோ ஒரு ஹாரியின் பிள்ளை என்பதற்கு என்ன குலச் சின்னம்?

பெயர் எல்லாருக்கும் ஒரே நாளில் உறைந்துவிடவும் இல்லை. எல்லையோரத்துப் பணக்காரர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே மாறிவிட்டார்கள், வடக்கு மலைப்பகுதிக் குடியானவர்கள் 18ஆம் நூற்றாண்டு வரைக்கும், சில இடங்களில் அதற்குப் பிறகும்கூட, அப்பா பெயரையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். 1620இல் வெளிவந்த திருத்திய வெல்ஷ் பைபிளுக்குப் பொறுப்பாக இருந்த பிஷப் ரிச்சர்ட் பாரியின் அப்பா பெயர் ஜான் அப் ஹாரி என்றே இருக்கிறது. ஒரே வீட்டில் அப்பா பழைய முறையில், பிள்ளை புது முறையில். ரிச்சர்ட் பழைய முறையில் இருந்திருந்தால் ரிச்சர்ட் அப் ஜான், இன்றைக்கு அவர் சந்ததி ஜோன்ஸ் ஆகியிருக்கும். வேல்ஸில் ஜோன்ஸ்கள் குவிந்து கிடப்பதற்குக் காரணமும் இதுவே. பெயர் உறைந்த காலத்தில் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயரே ஜான், டேவிட், வில்லியம், தாமஸ் என்று சுருங்கிப் போயிருந்தது, அதனால் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், தாமஸ் என்று நாடு முழுக்க நிறைந்துவிட்டது. வெல்ஷ் எழுத்து வரிசையில் பழங்காலத்தில் ‘ஜ’வுக்கு எழுத்தே கிடையாது, ஆனால் அந்த நாட்டில் அதிகம் பேருக்கு இருக்கிற பெயர் ஜோன்ஸ்! ஒரு தெருவில் நாலு ஜோன்ஸ் இருந்தால் பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பாரிகளுக்கு அந்த நெருக்கடி அவ்வளவு இல்லை, ஹாரிகள் அத்தனை பேர் இல்லாததால்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். பாரிஸ் கார்னர் என்பதில் இருக்கிற ‘ஸ்’ பாரியினுடைய என்ற பொருளில் வரும் ஆங்கில ஒட்டு. முன்னால் வெல்ஷ் ‘அப்’ தேய்ந்து ‘ப’வாக நிற்கிறது, பின்னால் ஆங்கில ‘ஸ்’ நிற்கிறது, நடுவில் நசுங்கிக் கிடக்கிறார் ஹாரி. ஹாரியின் மகனுடைய முனை! ‘பாரீஸ்’ என்று நெடில் போட்டு உங்கள் பத்திரிகையிலேயே ரெண்டு மூன்று தடவை அச்சாகியிருக்கிறது, அதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

அந்த முனையில் நின்றால் எதிரே உயர் நீதிமன்ற வளாகம். அதற்குள்ளே ஒரு கூம்புக் கல்லறை இருக்கிறது, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் சிறுவயது மகன் டேவிட் அதில்தான். வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்ற வழக்கில் 2023இல் அதை இடம் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது உங்கள் பத்திரிகையிலும் செய்தி வந்தது. அந்த யேலும் வெல்ஷ் பெயர்தான். ஆனால் அது அப்பா வழியில் வந்தது இல்லை, ரெக்ஸம் நகருக்கு மேற்கே இருக்கிற ‘யால்’ என்ற மலைநாட்டின் பெயர், மோஸ்டின் மாதிரி ஊர்ப்பெயர் வகை. ஆங்கில எழுத்தில் எழுதப்போய் யேல் ஆனது, எலிஹு யேல் 1718இல் அனுப்பிய புத்தகங்களுக்கும் துணி மூட்டைகளுக்கும் நன்றியாக அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. எலிஹுவைப் புதைத்தது ரெக்ஸம் தேவாலயத்தில். அந்தப் பணத்தை அவர் சென்னையில் எப்படிச் சேர்த்தார், எதற்காகப் பதவியிலிருந்து தூக்கினார்கள் என்பதெல்லாம் தனிக் கடிதம். வெல்ஷ்காரர்கள் குடும்பப்பெயர் தேடிக்கொண்ட இரண்டு வழிகளுக்கும் ஆளுக்கொரு சாட்சி ஒரு சாலையைக் கடக்கிற தூரத்தில் சென்னையில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை இழுத்தேன்.

பெயரை மாற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாராவது அப்படிக் கிளம்பினால் எதிர்த்து எழுதுகிற முதல் ஆள் நானாக இருப்பேன். பாரி மிட்டாய் தின்று வளர்ந்த தலைமுறை நாங்கள், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைப் பாரி ஆலை என்றே சொல்லிப் பழகியவர்கள், 1981இல் முருகப்பா குழுமத்தின் கைக்குக் கம்பெனி வந்தபிறகும் பெயர் பாரி என்றே தொடர்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அதே பகுதியில், “தாமஸ் பாரி வேல்ஸ் நாட்டவர், பாரி என்றால் வெல்ஷ் மொழியில் ஹாரியின் மகன், வள்ளல் பாரிக்கும் இதற்கும் தொடர்பில்லை” என்று மூன்று வாக்கியம் போடுங்கள். இடம் இல்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அதே பதிலில் பாரிமுனையில் இருக்கிற ‘டேர் ஹவுஸ்’ கட்டடத்தைத் ‘துணிவு இல்லம்’ என்று அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்த்திருந்தீர்கள். டேர் என்பதும் ஆள் பெயர்தான் சார். பாரியின் பங்குதாரர் ஜான் வில்லியம் டேர்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ராயபுரம், சென்னை